மப்ளர் போடக் கூடாது

எங்கள் கம்பெனியில் ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே வார்த்தையாகிப் போனார். நல்ல வார்த்தையாகப் பிறந்து, வளர வளரக் கெட்டு, கடைசியில் ஆபீஸ் சுவரில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. கெடுத்தவன் நான்தான்.

வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. ஒரு வீட்டுச் சாமானை மூட்டை கட்டி, மாடியிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, இன்னொரு மாடியில் ஏற்றிவைத்துவிட்டு வரவேண்டும். நான் லாரி ஓட்டுகிறவன். தூக்குகிற ஆட்களில் மூத்தவர் மப்ளர் அண்ணன். ஒல்லி, சற்றே முன்னால் வளைந்த முதுகு. வெயில், மழை எதுவானாலும் கழுத்தில் கம்பளி மப்ளர். முகத்துக்கு நேரே எல்லோரும் ‘அண்ணே’ என்போம். அவர் முதுகைத் திருப்பினால் மப்ளர்.

அந்த மப்ளர் குளிருக்கு இல்லை, அளவுக்கு. அதில் குறுக்கே கோடுகள் இருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், மொத்தம் முப்பது. ஒரு பெரிய சாமானைப் பார்த்ததும் அண்ணன் கழுத்திலிருந்து அதை உருவுவார். சாமானின் உயரத்துக்கு ஒரு தடவை, மூலைக்கு மூலை ஒரு தடவை பிடிப்பார். பிறகு படிக்கட்டுக்குப் போய்த் திருப்பத்தில் சுவரோடு சுவராக அதை வளைத்துப் பிடித்துக் கோடுகளை எண்ணுவார். டேப் நேராகத்தான் நிற்கும், மப்ளர்தான் சுவர் சொன்னபடி கேட்கும் என்பார். இதற்கெல்லாம் கால்மணி நேரம் ஆகும். மற்ற எல்லோரும் சும்மா நிற்பார்கள். அப்புறம் ஒரு வார்த்தை சொல்வார்: “தலைகீழாப் பிடிங்க. இடது காலை முதல்ல விடுங்க.” சாமான் வெண்ணெயில் கத்தி போனமாதிரி இறங்கிவிடும். அவர் அளந்து ஒரு சாமான்கூடப் படியில் சிக்கியதில்லை.

ஒரே ஒரு முறை சிக்கியது. அது அவர் குற்றம் இல்லை. மப்ளர்களை எல்லாம் பின்னிக் கொடுப்பது அவர் மனைவி. அந்த வருஷம் இருவருக்கும் ஏதோ சண்டை. கோபத்தில் அண்ணி ஒரு கோட்டைக் குறைத்துப் பின்னிவிட்டார். அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு வந்து, திருப்பத்தில் வழக்கம்போல் மிச்சக் கோடுகளை மட்டும் எண்ணி முப்பதில் கழித்து, ஒரு பிரிட்ஜை மூன்றாம் மாடியில் ஆணி அடித்ததுபோல் நிறுத்திவைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது. “குளிருக்குத்தானே கட்டுறீங்க, ஒரு கோடு குறைஞ்சா என்ன, உறைஞ்சா போயிடுவீங்க?” என்று அண்ணி கேட்டாராம். அன்றிலிருந்து சண்டை போடும் மாதங்களில் அவர் மப்ளரை எண்ணாமல் வீட்டுப் படி இறங்குவதில்லை.

சரி, வார்த்தைக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் ‘மப்ளர் போடு’ என்றால் எங்களுக்குள் ‘தூக்கும் முன்னால் அள’ என்று அர்த்தம். “இந்தக் கட்டிலுக்கு மப்ளர் போட்டாச்சா?” என்று கேட்போம். அளந்து முடித்ததும் அண்ணன் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசிப்பார், அதனால் கொஞ்ச நாளில் யோசிப்பதற்கெல்லாம் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. “பொண்ணு பார்த்தாச்சு, மப்ளர் போட்டுக்கிட்டிருக்கேன்” என்றான் தடியன். தடியன் என்பது எங்கள் ஆட்களில் பலசாலி. அவனுக்கு அந்தப் பேர் பொருந்தும் என்பதால் அது இன்றுவரை அர்த்தம் மாறாமல் இருக்கிறது.

அப்புறம் நான் வருகிறேன். லாரியை நோ பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுப் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். மாடியில் அளவெடுப்பது எனக்கு எங்கே தெரிகிறது? தெரிவதெல்லாம் தாமதம் மட்டும்தான். “யோவ், மப்ளர் போட்டது போதும், இறங்குங்கய்யா” என்று கீழேயிருந்து கத்துவேன். ஒரு நாள் இல்லை, நாலு வருஷம் கத்தினேன். மற்ற டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்னிடமிருந்துதான் அந்த வார்த்தையைக் கேட்டார்கள், அண்ணனிடமிருந்து இல்லை. அவர்களுக்கு மப்ளர் போடுவது என்றால் வேலை செய்யாமல் நிற்பது. அடுத்த கூட்டத்துக்கு அது ஏமாற்றுவதாகவே ஆகிவிட்டது. லீவு சொல்லாமல் கல்யாணத்துக்குப் போனவனை “நேத்து முழுக்க மப்ளர்” என்றார்கள். இவ்வளவும் அண்ணன் காதுக்கு எட்டாமலே நடந்தது. அவர் வரும்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம், மரியாதைக்கு.

பழைய முதலாளி ஓய்வெடுத்து, அவர் மகன் சின்னவர் பொறுப்புக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சட்டை கசங்காத மனிதர், நல்லவர், ஆனால் எல்லாவற்றிலும் அவசரம். ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குள் நுழைந்தால் சுவரில் நீளமாக ஒரு புது போர்டு. நீல வர்ணத்தில் வெள்ளை எழுத்து. ஊழியர்களுக்கான விதிகள். சீருடை அணிய வேண்டும், வாடிக்கையாளர் வீட்டில் செருப்போடு நடக்கக் கூடாது, இப்படிப் போய் நாலாவது வரி: ‘பணி நேரத்தில் மப்ளர் போடக் கூடாது.’

அண்ணன் அந்த வரியை மூன்று தரம் படித்தார். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

“இது என்னடா, எனக்குக் குளிர்னா என்ன செய்யறது?” என்றார்.

“அது அந்த மப்ளர் இல்லண்ணே,” என்றான் தடியன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“எந்த மப்ளர் இல்ல?”

அவனைச் சுவரோரம் நிறுத்தி அண்ணன் முழுக்கதையையும் கறந்துவிட்டார். நான் லாரிக்கு அடியில் புகுந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒழுகவில்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தேன்.

அண்ணன் நேராகச் சின்னவர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

“சார், நாலாவது வரியை எடுத்துடுங்க. அது என் பேரு.”

“உங்க பேரா? உங்க பேரு ரிஜிஸ்டர்ல வேறயா இருக்கே அண்ணே.”

“என்னை வச்சு வந்த வார்த்தை சார். நான் அளக்கிறதுக்குப் பேரு அது.”

சின்னவர் சிரித்துவிட்டார். “போங்கண்ணே. குளிருதுன்னு சொல்லி மப்ளரைச் சுத்திக்கிட்டு மூலையில உக்காந்துடுவாங்கல்ல, அதுலேர்ந்து வந்தது. எல்லாரும் சொல்ற வார்த்தைதானே. என் மச்சான்கூடச் சொல்றான், அவன் பேங்க்ல இருக்கான்.”

வார்த்தைக்கு உரியவர் எதிரே நிற்கிறார். அவரிடமே அதற்கு வேறு பிறப்புக் கதை சொல்லி அனுப்பிவிட்டார் மனிதர்.

அண்ணன் குரல் உயரவில்லை. “சனிக்கிழமை சாயங்காலம் அந்த வரி அங்க இருந்தா, நான் இங்க இருக்க மாட்டேன் சார். எதிர் கம்பெனிக்காரன் ரெண்டு வருஷமாக் கூப்பிடுறான்.”

“ஒரு போர்டுக்காகவா? வர்ணமே இப்பதான் காயுது அண்ணே.”

“காயட்டும்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இருபத்தாறு வருஷம் தூக்கின தோளை ஒரு வரிக்காகக் கழற்றிக்கொண்டு போகப்போகிறார். மதியம் லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “அண்ணே, முதல்ல அதைக் கெட்டதாச் சொன்னது நான்தான்.”

“தெரியும்,” என்றார். “நாலு வருஷம் கீழேர்ந்து கத்தினியே, காது கேக்காதா எனக்கு? ஆனா நீ என்னை அவசரப்படுத்துறேன்னு நினைச்சேன். அகராதி எழுதுறேன்னு நினைக்கல.”

வீட்டுக்குப் போயாவது ஆறுதல் கிடைத்ததா? அதுவும் இல்லை. போர்டு விஷயத்தைப் பொருமிப் பொருமிச் சொல்லியிருக்கிறார். அண்ணி பாதி கேட்டுவிட்டு, “சரி விடுங்க, அதுக்காகச் சாப்பிடாம ஏன் மப்ளர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றாராம். அந்த மப்ளரைப் பின்னின கை. யாரிடம் கற்றாய் என்று விசாரித்தால், என் மனைவியிடம். என் வீட்டுக்காரிக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் கூடிப் பேசினோம். கெட்ட வார்த்தையைத் திரும்ப நல்ல வார்த்தை ஆக்குவது, நாலே நாளில். தடியன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “டிரைவரே, ‘கொன்னுட்டே’ன்னா இப்பப் பாராட்டு. ‘பின்னிட்டே’ன்னாலும் பாராட்டு. எந்தக் கொலைகாரனாவது வந்து என் வார்த்தையைக் குடுன்னு கேட்டானா? தன்னால மாறினது தன்னால மாறும்.”

“கொலைகாரனுக்குச் சனிக்கிழமை கெடு இல்லடா,” என்றேன்.

ஒரு சட்டம் போட்டோம். கெட்ட அர்த்தத்தில் எவன் சொல்கிறானோ அவன் அன்றைய வேலை முடிந்ததும் ஒரு வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடங்கு மாடிக்கு ஏறி இறங்க வேண்டும். புதன்கிழமைக்குள் நான் ஏழு தரம் ஏறியிருந்தேன். இருபது வருஷமாக ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் தூக்காத உடம்பு. சிக்னலில் முன்னால் நின்ற கார்க்காரனைப் பார்த்து வாயில் தானாக வந்துவிடும், “பச்சை விழுந்தாச்சு, என்ன மப்ளர்…” பின்னால் உட்கார்ந்திருக்கிற தடியன் சந்தோஷமாக எண்ணுவான், “எட்டு.”

நல்ல அர்த்தத்தில் சொல்வதோ அதைவிடக் கஷ்டம். புகழ வேண்டும் என்று ஆளாளுக்கு எதையெதையோ புகழ்ந்தார்கள்.

“இன்னைக்கு டீ ரொம்ப மப்ளரா இருக்குண்ணே,” என்றான் தடியன்.

அண்ணன் குவளையைக் கீழே வைத்தார். “டீ எப்படிடா மப்ளரா இருக்கும்?”

“நிதானமா யோசிச்சுப் போட்ட டீண்ணே.”

“நீங்க எனக்கு உதவி பண்ண வேண்டாம். எனக்கே அந்த வார்த்தையைக் கேட்டா இப்ப என்னன்னு புரிய மாட்டேங்குது.”

வெள்ளிக்கிழமை அவர் தன் அலமாரியைக் காலி செய்தார். கயிறுகள், கையுறை, பழைய மப்ளர்கள் மூன்று. அத்தனையையும் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டார். போர்டு வர்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது.

சனிக்கிழமை வேலை சின்னவருடைய சொந்த வீடு. நாலாம் மாடியிலிருந்து புது வீட்டுக்குப் போகிறார்கள். செவ்வாயிலிருந்து லிப்ட் ஓடவில்லை. இருந்த சாமான்களிலேயே பெரியது அவர் மாமியார் சீராகக் கொடுத்த மர பீரோ. மூன்று கதவு, மூன்றிலும் ஆளுயரக் கண்ணாடி. அதை மாடிக்கு யார் எப்படி ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆள் குறைவு என்று அன்று என்னையும் மேலே கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் கழுத்தில் கை வைக்கவே இல்லை.

“அளக்கலியாண்ணே?” என்றான் தடியன் மெதுவாக.

“பணி நேரத்துல கூடாதுன்னு போட்டிருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் இந்தக் கம்பெனி ஆளு.”

சின்னவர் கதவருகில் நின்று கைதட்டினார். “ம், ம், தூக்குங்க, மப்ளர் போடாதீங்க, மணியாகுது.”

தூக்கினோம். மேல் பக்கம் தடியனும் இன்னொருவனும், கீழ்ப் பக்கம் அண்ணனும் நானும். நாலிலிருந்து மூன்றாவதுக்கு எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது மாடி வீட்டு வாசலை ஒட்டிய திருப்பத்தில் பீரோ ஒரு முறை முனகியது. அப்புறம் அசையவில்லை. மேலேயும் போகாது, கீழேயும் வராது. படிக்கட்டுக்கு மூடி போட்டதுபோல் நின்றுவிட்டது. அதற்கு மேல் பக்கம் சின்னவர், தடியன், அந்த இன்னொருவன், பிறகு சின்னவருடைய மாமியார். அந்த அம்மா பீரோவைப் பார்த்துக்கொள்வதற்காகவே கூட வந்தவர்.

பத்து நிமிஷம் தள்ளினார்கள், இழுத்தோம். கண்ணாடி கீச்சிட்டது. அப்புறம் எல்லோரும் நிறுத்திவிட்டோம். பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

“மாப்பிள்ளை, நீங்க வீடு மாத்துற கம்பெனிதானே வச்சிருக்கீங்க?”

“ஆமா அத்தை.”

“இல்ல, கேட்டேன்.”

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. அந்த அம்மாவுக்குப் பாத்ரூம் போக வேண்டும். மேல்வீட்டை ஏற்கெனவே பூட்டிச் சாவியோடு சின்னவர் மனைவி புது வீட்டுக்குப் போய்விட்டார், மூன்றாம் மாடி வீட்டிலும் பூட்டு. சாவி வர நேரமாகும், அம்மா கீழே போக வழி இல்லை.

“அண்ணே,” என்று சின்னவர் குரல் வந்தது, முதல் தடவையாக அவசரம் இல்லாமல். “இதை எப்படி எடுக்கிறது?”

“அளந்தாத் தெரியும் சார்.”

“அளங்களேன்.”

“அளக்கிறதுக்கு எங்க ஆளுங்க ஒரு பேரு வச்சிருக்காங்க. அதைத்தான் போர்டுல கூடாதுன்னு போட்டிருக்கீங்க.”

“அவர் எதையோ போடறேங்கிறாரு, நீங்க ஏன் மாப்பிள்ளை வேணாங்கிறீங்க?” என்றார் மாமியார். “போடட்டும். சீக்கிரம் போடட்டும்.”

பீரோவின் இடுக்கு வழியாகச் சின்னவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

“அண்ணே, நிஜமாவே உங்ககிட்டேர்ந்துதான் வந்ததா?”

“இவனைக் கேளுங்க,” என்று அண்ணன் என்னைக் காட்டினார். “கெடுத்தவன் இவன்.”

“ஆமா சார்,” என்றேன் அந்தக் கண்ணைப் பார்த்து.

“போடுங்கண்ணே,” என்றார் சின்னவர். “தயவுசெஞ்சு மப்ளர் போடுங்க. எவ்வளவு நேரமானாலும் போடுங்க.”

அண்ணன் கழுத்திலிருந்து உருவினார். பீரோவின் அடிப்பக்கம், மூலை, திருப்பம், சுவர். உதடு அசைந்தது. இருபத்திமூன்று கோடு வேண்டும், திருப்பத்தில் இருப்பது பத்தொன்பது. நாலு கோடு இடம் எங்கிருந்து வரும்? அண்ணன் திரும்பி, இரண்டாம் மாடி வீட்டுக் கதவைப் பார்த்தார். மப்ளரைக் கதவு வரை நீட்டினார். அப்புறம் மணியை அடித்தார்.

ஒரு பெண் கதவைத் திறந்தார். உள்ளே அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, ஒரு பீரோவோட காலு உங்க வீட்டுக்குள்ள கொஞ்சம் வரணும். ரெண்டு நிமிஷம்.”

“எவ்வளவு தூரம்?”

“சாப்பாட்டு மேசை வரைக்கும்.”

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “தட்டைத் தூக்குங்க,” என்றார்.

முதலில் சாய்த்து, மூன்று படி மேலே ஏற்றி, இடது காலை முன்னால் விட்டு, பீரோவை அந்த வீட்டுக்குள் செலுத்தினோம். பிள்ளைகள் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணவர் மட்டும் எழவில்லை. நடுக் கண்ணாடி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது. மென்றுகொண்டிருந்தவர் தன்னைத்தானே பார்த்து மெல்வதை நிறுத்தி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். “இப்ப தலையைத் திருப்புங்க,” என்றார் அண்ணன். பீரோவின் தலை சுவரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனது. மாமியார் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை காதில் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

சாயங்காலம் ஆபீஸில் சின்னவர் தானே நாற்காலி மேல் ஏறி, நீல வர்ணத்தைத் தொட்டு நாலாவது வரியை அழித்தார். சட்டையெல்லாம் வர்ணம். “என்ன எழுதலாம்ணே? ‘தூக்குமுன் மப்ளர் போட வேண்டும்’னு எழுதிடவா?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “வேண்டாம் சார். கட்டாயம்னு எழுதினா நாலு மாசத்துல தடியன் அதுக்கு வேற அர்த்தம் கண்டுபிடிப்பான். சும்மா விட்டுடுங்க.”

பையின் முடிச்சை அவிழ்த்தார். கயிறுகளை எடுத்து அலமாரியில் வைக்கும்போது நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வேண்டுமென்றே போய் ஒரு தரம் வாஷிங் மெஷினோடு மாடி ஏறினேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை, பீரோ காலுக்கு அடியில் விரித்து, அந்த இரண்டாம் மாடி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த இரண்டு கம்பளிகளை எடுக்க அண்ணனும் நானும் போனோம். அந்தப் பெண் கம்பளிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பின்னாலேயே ஒரு ஆள் பெட்டியோடு படியேறி வந்தான். அவருடைய தம்பியாம்.

“ஏண்டா, ஒரு போன் பண்ணிட்டு வர மாட்டியா?” என்றார் அந்தப் பெண். “சாப்பிடுற நேரத்துல மப்ளர் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறே?”

தம்பி கழுத்தில் எதுவும் இல்லை. அவன் அதைக் கேள்வியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். நான் அண்ணன் பக்கம் திரும்பவில்லை, பயம்.

“அம்மா,” என்றார் அண்ணன் மெதுவாக, “இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“சொல்லாம கொள்ளாம வீட்டுக்குள்ள வந்துடறதுக்கு அப்படிச் சொல்லுவோம். இந்தக் கட்டடத்துல எல்லாரும் சொல்றாங்களே. உங்களுக்குத் தெரியாதா?”

அண்ணன் கம்பளிகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

“தெரியாதும்மா,” என்றார். “நல்லாத்தான் இருக்கு.”